வீடு கட்டுமுன் ஒரு காகிதம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணம் இருக்கட்டும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. வீட்டைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போனவர். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் அவர்கள் கை படாத தெரு குறைவு. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அமைப்பியல் துறையில் எனக்கு இடம் கிடைத்தபோது, "இனிமே நம்ம வீட்டுக்கு பிளான் போட வெளியாளைத் தேட வேண்டாம்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக் கொண்டார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அவருக்கும், வீடு கட்டப் படிக்க வந்த எனக்கும் ஒரு முக்கியமான விஷயம் தெரியாமல் இருந்தது. அது தெரிந்து கொள்ள நாங்கள் கொடுத்த விலையையும், அதனால் நான் கற்றதையும் நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வீடு எல்லோருக்கும் வேண்டும் அல்லவா?

மூன்று சென்ட் கதை

எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஊருக்கு வெளியே நான்கு ஏக்கர் புஞ்சை நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி மனை விற்றார்கள். மாதத் தவணை. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை' என்று பெரிய போர்டு. நோட்டீஸில் வண்ண வண்ணமாகப் படம் போட்டிருந்தார்கள். 23 அடி ரோடு, நடுவில் பச்சை நிறத்தில் பூங்கா, அதில் ஊஞ்சல்கூட வரைந்திருந்தது. அப்பா மூன்று சென்ட் எடுத்தார். அம்மா சீட்டுப் பிடித்தும், சில மாதம் தோட்டை அடகு வைத்தும் தவணை கட்டினார். 2015ல் பத்திரம் பதிந்தது. அன்றைக்குப் பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பரோட்டா வாங்கிக் கொடுத்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடமே பட்டாவும் எங்கள் பெயருக்கு மாறியது.

நான் முதலாண்டு படிக்கும்போது, கையிருப்பை வைத்து ஒரு தளம் மட்டும் போடலாம் என்று அப்பா முடிவு செய்தார். பத்திரம், பட்டா, படம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டு இருவரும் கட்டட அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்து விட்டு, "மனைப்பிரிவு அங்கீகார நம்பர் எங்கே?" என்று கேட்டார். அப்பா பட்டாவை எடுத்துக் காட்டினார்.

"பட்டா இருந்தா மனை ஆயிருமா பெரியவரே? இது அன்அப்ரூவ்டு. இதுல வீடு கட்ட பெர்மிட் தர முடியாது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்த பிள்ளை ஏதாவது சொல்லும் என்று நினைத்தார் போலும். நான் தரையைப் பார்த்தேன்.

பத்திரம் வேறு, பட்டா வேறு, அங்கீகாரம் வேறு

நம்மில் பெரும்பாலானோர் வீட்டில் நிலவும் குழப்பம் இதுதான். எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பத்திரம் என்பது ஒருவர் விற்றார், இன்னொருவர் வாங்கினார் என்பதற்கான பதிவு. பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான ஆவணம். வில்லங்கச் சான்று என்பது அந்த நிலத்தின் மீது இதுவரை என்னென்ன பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்பதைக் காட்டுவது. இந்த மூன்றுமே நிலம் யாருடையது என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றிலும் பதில் கிடையாது.

அந்தப் பதில் நகரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. நம் மாகாணத்தில் 1920லேயே நகரமைப்புக்கென்று சட்டம் வந்து விட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். நிலத்தைக் கூறு போட்டு மனையாக விற்க வேண்டுமானால், சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் முதலில் அந்த மனைப்பிரிவை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். அந்தத் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் தனியாக முத்திரை போட்டு மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. ஆகவே 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற போர்டைப் பார்த்தால் நண்பர்களே, அதற்குப் பக்கத்தில் டி.டி.சி.பி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தவணை கட்டுமுன் வீட்டில் சொல்லி நிறுத்துங்கள்.

அங்கீகாரம் என்றால் வெறும் சீல் அல்ல. ஒவ்வொரு மனைக்கும் போக வழி இருக்கிறதா, மழைநீர் எங்கே வடியும், நடுவில் ஓடை போகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் சாலைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அதை யாரும் விற்க முடியாது.

எங்கள் மனைப்பிரிவு நான்கு ஏக்கர், அதாவது 16,000 சதுர மீட்டருக்கு மேல். சாலைக்கு ஒரு ஏக்கர் போனது என்று வைத்தாலும், சுமார் 30 சென்ட் பூங்கா வந்திருக்க வேண்டும். சர்வே பிராக்டிகலில் கற்றது வீண் போகக் கூடாது என்று 30 மீட்டர் டேப்பை இரவல் வாங்கிக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு போய் அளந்தேன். நோட்டீஸில் பூங்கா இருந்த இடத்தில் எட்டு மனைக்கல் நின்றது. விற்று முடித்து விட்டார்கள். 23 அடி ரோடு என்றது எங்கள் மனைக்கு முன்னால் 15 அடிதான். தானப்பத்திரம் எதுவும் எழுதப்படாததால் கேட்பதற்கும் நாதி இல்லை.

2016ல் வந்த தடையும் அதன் பிறகும்

இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை அல்ல. தமிழ்நாடு முழுவதும் விளைநிலங்கள் இப்படி மனைகளாகிக் கொண்டிருந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. எத்தனையோ பேர் மகள் கல்யாணத்துக்கு விற்க வைத்திருந்த மனையை விற்க முடியாமல் தவித்தார்கள். தவறு செய்தவன் காசை வாங்கிக் கொண்டு போய் விட்டான், தடையின் சுமை வாங்கியவன் தலையில் விழுந்தது.

அதன் பிறகு 2017ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்பனை நடந்த மனைகளைக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். முதலில் அந்த மனைப்பிரிவின் அமைப்புக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் மனைக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் உண்டு. செய்தித்தாளில் விளம்பரம் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அப்போது செய்தித்தாள் வாங்கியதில்லை, வாங்கியிருந்தாலும் படிக்க நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டதால் எங்களுக்கும் வாய்ப்பு கிடைத்தது. எங்கள் மனைப்பிரிவில் வேறு சிலர் முன்னரே முயன்று கொள்கை ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார்கள். துறை ஆசிரியர் ஒருவர் படிவத்தைக் கூட உட்கார்ந்து விளக்கினார். அம்மாவின் தோடு மறுபடியும் கடைக்குப் போனது. மனை ஒழுங்கானது. ஒன்றை மட்டும் மறந்து விடக் கூடாது. வரன்முறை செய்தால் மனைக்குச் சட்ட அந்தஸ்து வரும், போன பூங்கா திரும்பி வராது. 15 அடி ரோடு 15 அடியாகத்தான் இருக்கும். தெருமுனையில் தீயணைப்பு வண்டி திரும்பாது. எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல்தான் வளர்வார்கள்.

நிலத்துக்கு ஒரு குணம்

மனை அங்கீகாரம் ஒரு படி. அடுத்த படி நில உபயோகம். நகரங்களுக்கு முழுமைத் திட்டம் என்று ஒன்று தயாரிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று ஏதாவதொரு பிரிவில் வரும். சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1975லும், இரண்டாவது 2008லும் வந்தன. விவசாயப் பிரிவில் உள்ள நிலத்தில் வீட்டு மனை போட வேண்டுமானால் முதலில் நில உபயோக மாற்றம் பெற வேண்டும்.

'என் நிலம், நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், அரசாங்கம் யார் கேட்க?' என்று சிலர் வாதாடுவார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒருவர் சாயப்பட்டறை வைத்தால் சும்மா இருப்பீர்களா? அந்தப் பட்டறையைத் தடுக்கும் அதே விதிதான் உங்களையும் தடுக்கிறது.

இடத்துக்கு இடம் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்று நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு. அப்பா அந்தப் பகுதியில் பலமுறை வேலை பார்த்திருக்கிறார். "ஏன் இங்க மட்டும் மூணு மாடி போட மாட்டேங்குறாங்க?" என்று பல நாள் யோசித்திருக்கிறாராம். கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதற்குக் காரணம் கோபுரத்தின் உயரம் மட்டும் அல்ல, சுற்றியுள்ள வீடுகள் அடங்கி நிற்பதும்தான். இதேபோல் விமான நிலையம் அருகிலும், கடற்கரை ஓரத்திலும், மலைப் பகுதிகளிலும் தனி விதிகள் இருக்கின்றன.

எவ்வளவு கட்டலாம்? எங்கே கட்டலாம்?

இனி கட்டடத்துக்கு வருவோம். இங்கே இரண்டு அனுமதிகள் உண்டு. நகரமைப்புச் சட்டப்படி திட்ட அனுமதி, உள்ளாட்சிச் சட்டப்படி கட்டட அனுமதி. சிறிய வீடுகளுக்கு இரண்டையும் பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகமே தருவதால் நாம் ஒன்றாகவே நினைத்துக் கொள்கிறோம். முன்பு ஊருக்கு ஒரு விதியாக இருந்ததை 2019ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக்கினார்கள்.

அதில் முதலில் தெரிய வேண்டியது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வருவது அது. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆனது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எங்கள் மூன்று சென்ட் சுமார் 1,306 சதுர அடி. இரண்டால் பெருக்கினால் 2,600 சதுர அடி வரை கட்டலாம். 'அப்படியானால் முழு மனையையும் அடைத்து இரண்டு மாடி கட்டி விடலாமே' என்று தோன்றும். அதுதான் முடியாது. சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி குறுக்கே வரும்.

செட்பேக் என்று நாம் டிராயிங் வகுப்பில் கோடு போடுகிறோமே, அதேதான். தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் வைத்து அதன் அளவு மாறும். அனுமதி வாங்கியபின் அதிகம் மீறப்படுவது எது என்று அப்பாவைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வார். "பிளான்ல மூணடி சந்து இருக்கும். கடக்கால் தோண்டறப்ப ஓனர் வந்து, மேஸ்திரி, சுவரை ஓரமாத் தள்ளுங்கன்னுவாரு. தள்ளிருவோம்."

அந்த மூன்றடி சந்து எதற்கு? பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் காற்றும் வெளிச்சமும் வர, செப்டிக் டேங்க் குழாய் அடைத்தால் ஆள் போய்ப் பார்க்க, தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க. நாம் ஓரமாகத் தள்ளினால் பக்கத்து மனைக்காரரும் தள்ளுவார். கடைசியில் இருவர் வீட்டிலும் பகலில் டியூப்லைட் எரியும். மழைநீர் சேகரிப்பும் அப்படித்தான். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. குழாயை மட்டும் ஒப்புக்கு மாட்டி விட்டுக் குழியைத் தோண்டாத வீடுகள் எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

சுயசான்று: சுலபமும் பொறுப்பும்

இப்போது வந்திருக்கும் பெரிய மாற்றம் சுயசான்று முறை. 2024 ஜூலை 22 அன்று இது தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரையில், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீடு கட்டுவோர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, விதிப்படி கட்டுவேன் என்று தாமே சான்றளித்தால் உடனடியாக அனுமதி கிடைக்கும். கூர்ந்தாய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. மாதக்கணக்கில் அலைந்த ஏழை எளியவர்களுக்கு இது நல்ல செய்தி. எங்கள் வீட்டுக்கும் இந்த முறையில்தான் விண்ணப்பித்தோம். கல்லூரி பக்கத்து நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்த காகிதத்தை அப்பா பத்திரத்தோடு அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். முன்பு ஓர் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த இடத்தில் நிற்பது யார்? வீட்டுக்காரரும், அவருக்குப் படம் போட்டுக் கொடுக்கும் ஆளும்தான். தவறான தகவல் தந்திருந்தால் அனுமதி ரத்தாகும். ஐந்தாம் வகுப்புப் படித்த என் அப்பா போன்றவர்கள் கணினித் திரையில் வரும் உறுதிமொழியைப் படித்தா டிக் செய்வார்கள்? நம்மை நம்பித்தான் செய்வார்கள். டிப்ளமோ முடித்து, அனுபவம் சேர்த்து, உரிமம் பெற்று நாளை நம்மில் பலர் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறோம்.

காகிதம் மட்டும் போதாது

காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகி விடும் என்றும் நான் சொல்லவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான். அனுமதி மண்ணைத் தாங்காது, தூணையும் தாங்காது. படத்தில் உள்ளது தளத்திலும் இருக்க வேண்டும், அதைப் பார்க்க மனசாட்சியுள்ள ஒரு பொறியாளர் அங்கே நிற்க வேண்டும். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து விட்டு அம்மா இரண்டு நாள் அப்பாவை வேலைக்கு அனுப்பவில்லை. அப்போது எனக்கு ஏன் என்று புரியவில்லை. இப்போது புரிகிறது. கட்டடம் விழுந்தால் முதலில் சாவது அதைக் கட்டியவர்கள்தான்.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்

நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் மனைப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

1. மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகார எண், அல்லது வரன்முறை ஆணை இருக்கிறதா?

2. பட்டாவிலும் பத்திரத்திலும் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப் போகின்றனவா? புலப்படத்தோடு மனையின் அளவு பொருந்துகிறதா?

3. அந்த சர்வே எண்ணின் நில உபயோகம் என்ன?

4. சாலையும் பூங்காவும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளனவா?

5. கட்டிய வீடென்றால், அனுமதி பெற்ற வரைபடம் எங்கே? வீடு அதன்படி இருக்கிறதா?

இதற்கு பெரிய படிப்பு தேவையில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர், கொஞ்சம் பொறுமை, ஒரு டேப். நம் வீடுகளில் அந்த ஒருவர் நாம்தான். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் வர எட்டு வருடம் தாமதமாகி விட்டது, அவ்வளவுதான்.

போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு வாணம் தோண்டினோம். நான் வரைந்து, உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் திருத்திக் கையெழுத்திட்ட படத்தை வைத்துக் கொண்டு அப்பா கயிறு கட்டினார். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார். சமையலறை குறுகலாக இருக்கிறதே என்று அம்மாவுக்குக் குறை. "ஒரு அடி தள்ளுனா கேஸ் அடுப்புக்கு இடம் கிடைக்கும்" என்றார் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"தாயி, இத்தனை வருஷமா நான் கட்டுன வீட்டுக்கெல்லாம் சந்தை ஒழுங்கா விட்டிருந்தா, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் காத்து வந்திருக்கும்ல?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் கயிற்றைப் படத்தில் இருந்த இடத்திலேயே கட்டினார்.

மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை